அமேசான் டிசைன் இன்டர்வியூ: பீஸும் கதையும்

எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப் என்று வளர்ந்த பகுதி நம்ம வடசென்னை. இங்கே ஃபிட்டர் வேலை பார்த்த பெரியவர்களிடம் கேளுங்கள், டிரேட் டெஸ்ட் பற்றிச் சொல்வார்கள். ஒரு இரும்புத் துண்டு, ஒரு டிராயிங், ஒரு அரம், சில மணி நேரம். முடித்ததும் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பார்கள். வெளிச்சம் கசிந்தால் பீஸ் சரியில்லை. எங்கே கசிகிறது என்று செய்தவர் கண்ணுக்கும் தெரியும்.

அதே வீடுகளில் அடுத்த தலைமுறை ஃபிக்மா கற்றுக்கொண்டு யு.எக்ஸ் டிசைனர் வேலைக்கு மனு போடுகிறது. அவர்கள் குறிவைக்கும் இடங்களில் ஒன்று அமேசான். 2022-ல் பெருங்குடியில் பெரிய அலுவலகமே திறந்தார்கள். அங்கே டிசைன் வேலைக்குப் போய்வந்தவர்கள் எழுதிய அனுபவங்களைக் கொஞ்ச நாளாகப் படித்து வருகிறேன். நான் டிசைனர் இல்லை, புரோகிராமர். ஆனால் ஒரு தேர்வு எதை அளக்கிறது என்பது எனக்குப் பிடித்த கேள்வி.

நடைமுறை பெரும்பாலும் இப்படி: முதலில் போன் பேச்சு. பிறகு ஒரு குழுவின் முன் போர்ட்ஃபோலியோவை விளக்க வேண்டும். அதன்பின் தனித்தனியாக நான்கைந்து பேர் பேசுவார்கள். அமேசானுக்கு 16 'லீடர்ஷிப் பிரின்சிபிள்ஸ்' உண்டு. 14 ஆக இருந்ததில் 2021-ல் இரண்டு சேர்த்தார்கள். ஒவ்வொருவரும் அதில் சிலவற்றைப் பிரித்துக்கொண்டு, 'இப்படி ஒரு நிலைமை வந்தப்ப நீங்க என்ன பண்ணீங்க?' என்று கேட்பார்கள். 'பார் ரெய்சர்' என்று வேறு டீம்காரர் ஒருவரும் இருப்பார். அவர் வேண்டாம் என்றால் வேலை கிடையாது.

இதை ஒரேயடியாகத் திட்ட முடியாது. எல்லோரிடமும் ஒரே ஒழுங்கில் கேட்பது, சும்மா அரட்டை அடித்து 'பையன் பரவாயில்லை' என்று முடிவெடுப்பதைவிட நியாயமானது. ஆராய்ச்சியும் அதைத்தான் சொல்கிறது. 1998-ல் ஷ்மிட், ஹண்டர் இருவரும் பழைய ஆய்வுகளைத் தொகுத்தபோது, வேலையையே செய்துகாட்டும் தேர்வு முன்வரிசையில் இருந்தது. 2022-ல் சாக்கெட் குழு மறுகணக்குப் போட்டதில் அது இறங்கி, ஒழுங்குபடுத்திய நேர்காணல் முதலிடத்துக்கு வந்தது. ஆக, டிரேட் டெஸ்ட்தான் உசத்தி என்று நான் வாதாடவில்லை.

என் சிக்கல் வேறு. இந்த நேர்காணலில் 'நான்' என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். 'நாங்க சேர்ந்து பண்ணோம்' என்றால், 'அதில் நீங்க என்ன பண்ணீங்க?' என்று திரும்பக் கேட்பார்கள். கேட்பது நியாயம்தான். ஆனால் நாலு பேர் செய்த வேலையை 'நான் செய்தேன்' என்று சொல்வதைத் தற்பெருமை என்று சொல்லி வளர்த்த வீட்டுப் பிள்ளைக்கு, அதை ஆங்கிலத்தில், ஆரம்பம் முடிவோடு கதையாகச் சொல்வது தனி வித்தை. அந்த வித்தைக்கு மார்க் விழுகிறதா, டிசைனுக்கு விழுகிறதா? பிரித்துப் பார்க்க வழியில்லை.

இதில் ஒரு வேடிக்கை. ஃபிளிப்கார்ட்டும் அமேசானும் 2020-ல் தமிழ்த் திரைகளைக் கொண்டுவந்தன. 'கார்ட்' என்ற சின்னச் சொல் தமிழில் நீண்டு பட்டனை விட்டு வெளியே வழியும். ராயபுரத்தில் மீன் விற்கும் அம்மா முகவரிக் கட்டத்தில் கதவு எண்ணுக்குப் பதில் 'கோயில் எதிரில்' என்று எழுதுவார். இதெல்லாம் தெரிந்த ஒருத்தர் அந்த அறைக்குள் போகும்போது, அந்த அறிவு கதையாக வெளிவந்தால்தான் கணக்கில் சேரும்.

அனுபவக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் இன்னொரு புகார்: வாரக்கணக்கில் தயாராகி, ஒரு நாள் முழுக்கப் பேசிவிட்டு வந்தால், பதில் இரண்டு வரி மெயில். காரணம் இல்லை. வெளிச்சம் எங்கே கசிந்தது என்று தெரியாமல் அடுத்த பீஸை எப்படிச் சரிசெய்வது?

கம்பெனிகள் செய்யக்கூடியது பெரிய காரியமில்லை. ஒரு மணி நேரம் ஒரு திரையைக் கொடுத்து, கூட உட்கார்ந்து சரிசெய்யச் சொல்லுங்கள். விரும்பினால் தமிழில் விளக்க விடுங்கள். தேறவில்லை என்றால் எதில் என்று ஒரு வரி எழுதுங்கள்.

போகிறவர்களுக்கு: ஒவ்வொரு புராஜெக்ட்டிலும் நீங்கள் தனியாக எடுத்த ஒரு முடிவை இன்றைக்கே எழுதி வையுங்கள். அது தற்பெருமை இல்லை, கணக்கு.