களத்துக்கு இடமுண்டு, குடிசைக்கு இல்லையா?

காவிரியைப் பாடாத புலவரில்லை. அவள் நடையைப் பாடினர், நுரையைப் பாடினர், அவள் நீர் பாய்ந்து விளைந்த செந்நெல்லைப் பாடினர். அந்த நெல்லை நட்ட கைகள் இரவில் யாருடைய மண்ணில் ஓய்ந்தன என்பதை எத்தனை பேர் பாடினர்?

பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழார் சற்றே அப்பக்கம் திரும்பினார். பெரியபுராணத்தில் நந்தனாரின் ஆதனூரைச் சொல்லும்போது, ஊருக்குப் புறம்பே, வயலோரத்தில், உழவுத் தொழிலாளர் வாழ்ந்த புலைப்பாடியைக் காட்டினார். சுரைக்கொடி படர்ந்த கூரைகளையும் காட்டினார். அதற்காக அவரைப் பாராட்டுகிறோம். ஆனால், கூரையைக் கண்ட புலவர், கூரையின் கீழிருந்த மண் எவருடையது என்று கேட்டாரா? இல்லை. நந்தனைத் தீயில் இறக்கித் தில்லைக்குள் அனுப்பினார். சேரியைச் சேரியாகவே விட்டார்.

புலவர் கேளாததை அரசன் அறிந்திருந்தான். தஞ்சைப் பெரிய கோயிலிலுள்ள இராசராசன் காலக் கல்வெட்டுகள் ஊர்நிலத்தை அளந்து, வரியில்லா இடங்களைப் பட்டியலிடுகின்றன. ஊர்நத்தம், குளம், வாய்க்கால், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு என்று தனித்தனியே! குடியிருப்புக்கு நிலம் வகுக்கும் திட்டம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது, தோழர்களே! ஆனால், மனையை அளந்த கோலே மனிதனையும் பிரித்து வைத்தது. அந்தக் கோல் இன்னும் முறியவில்லை என்பதே நம் குற்றச்சாட்டு.

பண்ணையாரின் மண்ணில் குடிசை. ஆகவே பண்ணையாரின் சொல்லே சட்டம். கூலியை உயர்த்திக் கேட்டால், "குடிசையைப் பிரித்துக்கொண்டு போ" என்பதே பதில். 1961இல், குடியிருப்போரை வெளியேற்றுவதைத் தடுக்கச் சட்டம் பிறந்தது. ஏழாண்டு கழித்து, 1968 டிசம்பர் 25 அன்று, கூலி உயர்வு கேட்ட கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 உயிர்கள் எரிக்கப்பட்டன. 1971ஆம் ஆண்டுச் சட்டம் ஒருபடி மேலே சென்று, குடியிருந்த மனையை உழவுத் தொழிலாளிக்கே உரிமையாக்கியது. "வெளியேற்றாதே" என்பது பாதுகாப்பு. "இது உன்னுடையது" என்பதே உரிமை.

ஆனால், அன்று ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த மனையில் மகனும் பேரனும் குடும்பமானால் எங்கே போவர்? வாய்க்கால் கரைக்கும் புறம்போக்குக்கும் போகின்றனர். அங்கே பட்டா ஏது? 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞர் கனவு இல்லத் திட்டம், வீடு கட்ட 3.5 லட்சம் ரூபாய் தருகிறது. நல்ல திட்டம்தான். ஆனால், மனையுரிமை உடையவர்க்கே அந்த உதவி! மண்ணே இல்லாதவன் எதன்மேல் சுவர் எழுப்புவான்?

"எல்லாம் நஞ்சை, வீட்டுக்கு நிலமேது?" என்கின்றனர். அப்படியா? அனுமதி பெறாமல் மனைப்பிரிவு போட்டவர்களுக்காக 2017இல் வரன்முறை விதிகள் வந்தனவே! விற்பவன் கூறு போட்டால் வரன்முறை. உழைப்பவன் குடிசை போட்டால் ஆக்கிரமிப்பு! இது எந்த ஊர் நீதி?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வேலி நிலம் ஏறத்தாழ 660 சென்ட். குடும்பத்துக்கு 3 சென்ட் வீதம் 150 குடும்பங்களுக்கு 450 சென்ட் போதும். தெருவுக்கும் பள்ளிக்கும் குளத்துக்கும் 210 சென்ட் மிஞ்சும். ஒரே ஒரு வேலி! இதனால் தஞ்சையின் நெற்களஞ்சியம் வற்றிவிடுமா? நெல்லடிக்கும் களத்துக்கு இடம் விடுகிற ஊர், நெல்லடிப்பவனின் குடிசைக்கு இடம் விடலாகாதா?

ஊரக வீட்டுவசதி, அரசியல் சட்டத்தின் பதினோராம் அட்டவணையில் ஊராட்சிகளுக்கு உரிய பொருள்களுள் ஒன்று. பட்டா வழங்குவது வருவாய்த் துறையாயினும், கேட்க வேண்டிய வாய் ஊருடையது. எத்தனை குடும்பங்கள் மனையின்றி உள்ளன, இன்னும் பத்தாண்டில் எத்தனை பெருகும், எவ்வளவு நிலம் வேண்டும் என்று கணக்கெடுத்து, கிராமசபையில் தீர்மானம் இயற்றலாம். யார் தடுப்பார்?

ஆனால், ஒன்றை மறவாதீர்கள். வெள்ளம் நிற்கும் பள்ளத்தில், ஊருக்கு அப்பால், "காலனி" என்று பெயர் சூட்டித் தரும் மனை புதிய சேரியே. பட்டியலில் பெயர் மாறும். கல்வெட்டுப் பிரித்த பிரிவினை மாறாது. மேட்டு நிலம் வேண்டும். ஊரோடு ஒட்டிய நிலம் வேண்டும். பெண்ணின் பெயரில் பட்டா வேண்டும்.

இளைஞர்களே! மே முதல் நாள் கிராமசபை கூடும். உழைப்பாளர் நாளில் உழைப்பாளியின் மனையைக் கேளுங்கள். சேக்கிழார் கேட்க மறந்த கேள்வியை, நீங்கள் கேளுங்கள்!