ஸ்மொங்: ஓடச் சொன்ன பாட்டு

2004 டிசம்பர் 26 காலை இந்தோனேசியாவின் சுமத்ராவுக்கு மேற்கே கடலடித் தட்டு பிளந்தபோது, அந்த இடத்துக்கு மிக அருகில் வாழ்ந்தவர்கள் சிமலுவே தீவு மக்கள். தீவின் வடமுனையில் இருக்கும் லாங்கி கிராமத்தை முதல் அலை எட்டே நிமிடத்தில் எட்டியது. பத்து மீட்டருக்கு மேல் எழும்பி, வீடுகளை அடித்தளம்வரை வழித்துக்கொண்டு போனது. ஊரில் இருந்த சுமார் 800 பேரில் ஒருவர்கூடச் சாகவில்லை. தீவு முழுவதும் 78,000 பேர். இறந்தவர்கள் ஏழு பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. எதிரே, ஆச்சே மாநிலத்தின் பெருநிலக் கரையில், அலை வந்து சேரக் கூடுதல் நேரம் இருந்தும் லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

சிமலுவே மக்களைக் காத்தது ஸ்மொங். 1907 ஜனவரி 4, வெள்ளிக்கிழமை, அந்தத் தீவைக் கடல் வாரிக்கொண்டு போனது. பிழைத்தவர்கள் அந்த அலைக்கு வைத்திருந்த பெயர்தான் ஸ்மொங். நடந்ததை அவர்கள் தாத்தா பாட்டிக் கதைகளாகச் சொன்னார்கள். நாந்தோங் என்னும் பாட்டு மரபிலும் அது இடம்பிடித்தது. திருமண வீட்டில் மேளமும் வயலினும் சேர இரவெல்லாம் பாடப்படும் பாட்டு அது. செய்தி இவ்வளவுதான்: நிலம் பலமாக ஆடி, கடல் வற்றினால், எதையும் எடுக்க நிற்காதே, மேட்டுக்கு ஓடு.

இதைப் பற்றி எழுதுகிற பலர் ‘ஆதிகால ஞானம்’ என்று தொடங்குகிறார்கள். அங்கேதான் நான் மாறுபடுகிறேன். ஸ்மொங்குக்கு 2004இல் வயது 97 மட்டுமே. அலையைக் கண்ணால் கண்டவரின் பேரனும் கொள்ளுப்பேத்தியும் உயிரோடு இருக்கும் தூரம் அது. ஆச்சே பெருநிலக் கரையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கும் 14, 15ஆம் நூற்றாண்டுகளில் பேரலைகள் ஊர்களை அழித்ததை மண்ணுக்கடியில் கிடைத்த மணற்படிவுகள் காட்டுகின்றன. ஆனால் அந்த நினைவு எந்த வீட்டிலும் எஞ்சவில்லை. ஐந்நூறு ஆண்டு இடைவெளியை எந்தப் பாட்டும் தாண்டவில்லை. வாய்மொழி அறிவுக்கும் ஆயுள் உண்டு. சிமலுவேயில் அந்த ஆயுள் முடிவதற்குள் அடுத்த அலை வந்துவிட்டது. அடிக்கடி நிலம் நடுங்கியதும் நினைவை மங்கவிடவில்லை. 2002இல்கூட அங்கே ஒரு பெரிய நடுக்கம் வந்தது.

ஸ்மொங்கின் பெரிய பலம், ஓடலாமா என்று முடிவெடுப்பது வீட்டிலேயே நடந்துவிடுகிறது என்பது. சைரன் ஊதும் என்று யாரும் காத்திருப்பதில்லை. பத்து முறை ஓடி ஒன்பது முறை அலை வராவிட்டாலும் பழி சொல்ல ஆளில்லை. ஓடச் சொன்னவர் சொந்தப் பாட்டி. அரசு எச்சரிக்கைக்கு இந்தச் சலுகை கிடைப்பதில்லை. இரண்டு முறை பொய்யானால் மூன்றாம் முறை அதை நம்பமாட்டார்கள். உரிய நேரத்தில் அது வராமலும் போகலாம். 2012 ஏப்ரல் 11 நடுக்கத்தின்போது ஆச்சேயின் தலைநகர் பண்டா ஆச்சேயில் சைரன்கள் உரிய நேரத்தில் ஒலிக்கவில்லை. மக்கள் வண்டிகளை எடுத்துக்கொண்டு கிளம்பித் தெருக்களில் நெரிசலில் சிக்கினார்கள். நல்லவேளையாக அன்று பேரலை எழவில்லை.

ஸ்மொங்குக்குள் ஓர் ஆன்மிகத் தெளிவும் இருக்கிறது. சிமலுவே மக்கள் இஸ்லாமியர்கள். அலை இறைவன் விதித்தது என்றுதான் அவர்களும் நம்புகிறார்கள். ஆச்சேயில் பலர் 2004 அலையைத் தண்டனையாகப் பார்த்து, யார் செய்த பாவம் என்று தேடினார்கள். ஸ்மொங் அந்தத் தேடலுக்குள் போவதில்லை. விதித்தவன் இறைவன், முன்னோரின் நினைவைத் தந்தவனும் அவனே, ஆகவே ஓடுவது அவனை நம்பாமை ஆகாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேடேறிய பிறகு செய்யும் தொழுகைக்கும் ஏறிய காலுக்கும் முரண் இல்லை. விதியை நம்புகிறவர்கள் கைகட்டி நின்றுவிடுவார்கள் என்று வெளியார் எளிதாகச் சொல்வதை இந்தத் தீவு பொய்யாக்கிவிட்டது. இந்தக் கதையில் என்னை மிகவும் கவர்வது இதுதான்.

ஆனாலும் குறைகளைச் சொல்லாமல் விட்டால் அது அன்பாகாது. உயிர் போகிற விஷயம் இது.

முதலாவது, ஸ்மொங் அருகிலிருந்து வரும் அலைக்கு மட்டுமே பொருந்தும். 2004இல் அதே காலை நாகப்பட்டினத்துக்கு அலை வர ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆனது. வீட்டைவிட்டு ஓடவைக்கும் நடுக்கம் அங்கே இல்லை. கடலும் எல்லாக் கரையிலும் முதலில் உள்வாங்குவதில்லை. பிளவுக்குக் கிழக்கே முதலில் நீர் வற்றியது. மேற்கே, இந்திய இலங்கைக் கரைகளை நோக்கி, முதலில் வந்தது அலைமுகடு. கடல் வற்றட்டும் பார்ப்போம் என்று நின்றால் அங்கே ஏமாற்றம்தான். அப்படியே தெரிந்திருந்தாலும் ஓடி ஏற ஒரு குன்று வேண்டுமே. லாங்கிக்குப் பின்னால் குன்று இருக்கிறது, நாகையில் இல்லை.

இரண்டாவது, நிலநடுக்கமே கொல்லும்போது ஸ்மொங்குக்குச் சொல்ல எதுவும் இல்லை. 2005 மார்ச் 28 நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் 8.6 அளவில் நிலம் ஆடியபோது சிமலுவேயிலும் அருகிலுள்ள நியாஸ் தீவிலும் மக்களைக் கொன்றவை இடிந்த கட்டடங்கள். நியாஸின் பழைய மரவீடுகள் பெரும்பாலும் தாங்கின. கான்கிரீட் வீடுகள் சரிந்தன. அந்தத் தச்சு அறிவும் முன்னோர் அறிவுதான். அதைப் பாட யாரும் இல்லாததால் உலகம் அதை இந்த அளவுக்குக் கொண்டாடவில்லை.

மூன்றாவதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துவது. 2010 அக்டோபர் 25 இரவு, தெற்கே மென்தாவாய் தீவுகளில் நடுக்கம் மென்மையாக இருந்தது. ஆனால் நீண்ட நேரம் நீடித்தது. பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. பின்னால் வந்த அலையில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலமாக ஆடினால் ஓடு என்று மட்டும் கற்றவர்கள் அந்த இரவில் ஓடியிருக்கமாட்டார்கள்.

2005இல் சிமலுவே மக்களுக்கு ஐ.நா.வின் சசகாவா விருது கிடைத்தது. அதன்பின் ஸ்மொங் மேடையேறியது, பாடமானது. இது நல்லதுதான். ஆனால் விருது வாங்கிய மரபைத் திருத்த எல்லோரும் தயங்குவார்கள். பழையது, புனிதமானது என்று அதை எட்டாத உயரத்தில் வைத்துவிட்டால் 1907இல் கற்ற பாடத்தோடு அது நின்றுவிடும். நாந்தோங் பாடகருக்கு இடத்துக்கேற்பச் சொல் சேர்க்கும் உரிமை எப்போதும் உண்டு. நடுக்கம் மென்மையாக இருந்தாலும் நீண்டு போனால் ஓடு என்று ஓர் அடி சேர்ப்பதில் முன்னோருக்கு அவமரியாதை எதுவும் இல்லை. 1907இல் பிழைத்தவர்களும் தாங்கள் கண்டதைத்தான் பாட்டில் வைத்தார்கள். மென்தாவாய் கண்டதை வைப்பது இப்போதிருக்கும் பாடகர்களின் வேலை.