ஆதாமின் மண்ணும் அரசியின் நாவும்

ஏரோது என்றவுடன் பெத்லகேம் குழந்தைகளின் குருதியே நம் நினைவிற்கு வருகிறது. அம்மன்னன் தன் மனைவியையும் கொலைக்களத்திற்கு அனுப்பியவன் என யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ் எழுதியுள்ளார். அவ்வரலாற்றை நாடகமாக்கியவர் எலிசபெத் கேரி என்னும் ஆங்கிலப் பெண்மணி. 1613-இல் அச்சேறிய 'மரியாமின் துன்பியல்', ஆங்கிலத்தில் ஒரு பெண் சொந்தமாக இயற்றி வெளிவந்த முதல் நாடகமாகும்.

மனத்தில் இல்லாத அன்பை முகத்தில் காட்ட மறுத்து உயிரை இழக்கிறாள் அரசி மரியாம். கணவனின் அதிகாரத்திற்கு அடிபணியாத மனச்சான்றைப் பெண்ணிய ஆய்வாளர்கள் அவளிடம் கண்டனர். அது நேரிய வாசிப்பே, ஆயினும் முழுமையன்று. பெண், இனம், எழுத்து ஆகியவை குறித்து மார்கோ ஹென்ட்ரிக்ஸ், பட்ரீசியா பார்க்கர் ஆகியோர் 1994-இல் தொகுத்த நூலில், டிம்ப்னா கேலகன் இந்நாடகத்தில் இனம் வகிக்கும் இடத்தை ஆராய்ந்தார். அதன் பின்னர், நாம் விரைந்து கடந்துவிடும் ஒரு காட்சி கண்ணை உறுத்துகிறது.

ஏரோதின் சகோதரி சலோமியோடு மரியாம் சொற்போரிடுகிறாள். (நற்செய்தியில் நடனமாடிய சிறுமி அல்லள் இவள்.) ஏதோமியக் குருதி கலந்த இழிபிறப்பினள் என்று அவளைப் பழிக்கிறாள். சலோமி தரும் மறுமொழி வியப்பிற்குரியது: இருவர் முன்னோரும் ஆதாமின் வழியினரே; இருவரும் மண்ணால் ஆனவர்களே; இருவர்க்கும் ஆபிரகாமே தந்தை. பின்னர் ஏரோதும் மரியாமின் வெண்மையைப் புகழ்ந்து, அவளருகே தன் சகோதரி கருநிறத்தவளாய்த் தோன்றுவதாக இகழ்கிறான். நிறமே இங்கு நெறியின் அளவுகோலாகிவிடுகிறது.

இன்றைய கவலைகளைப் பழைய நூலில் ஏற்றுகிறார்கள் என்று சிலர் குறை கூறலாம். ஆனால் இச்சொற்கள் நாடகத்திலேயே உள்ளன. ஆய்வாளர் அவற்றைப் புகுத்தவில்லை.

கேரி 1626-இல் கத்தோலிக்கத் திருமறையைத் தழுவினார், கணவர் பொருளுதவியை நிறுத்தினார், பிள்ளைகளையும் பிரித்தார். பின்னாளில் அவர் புதல்வியர் நால்வர் காம்ப்ரே நகரில் பெனடிக்டின் கன்னியராயினர். இதனை அறிந்த நாம், மரியாமைக் கேரியின் உருவமாகவே கண்டு வணங்க விழைவோம். ஆயின், நாடகம் அத்துன்பங்களுக்கு முன்பே எழுந்தது. தவிர, மரியாமைப் புனிதையாக்கும் அவசரத்தில் அவள் நாவின் குற்றத்தை மறைத்துவிடலாகாது. ஆணின் அதிகாரத்தால் நசுக்கப்படுபவள், பிறப்பைக் கொண்டு இன்னொரு பெண்ணை நசுக்குகிறாள்.

சலோமி சூழ்ச்சிக்காரி, மரியாமின் சாவிற்குக் காரணமானவள். அவள் வாயிலிருந்து வந்ததால் தொடக்கநூலின் உண்மை பொய்யாகிவிடுமா? பிலயாமின் கழுதையும் உண்மை பேசியதன்றோ! துன்புறுகிறோம் என்பதாலேயே நாம் நீதிமான்களாகிவிடுவதில்லை. நமக்குப் பிடிக்காதவர் இவ்வுண்மையைச் சொல்லும்போது செவிசாய்க்கிறோமா என்பதே இந்நாடகம் நம்முன் வைக்கும் ஆன்ம சோதனை.