ஓடினால் போதுமா?

கமடோர் 64 கணினி 1982இல் கடைக்கு வந்தது. 1994இல் அதன் உற்பத்தி நின்றது. அதற்கு மென்பொருள் எழுதுவது மட்டும் இன்றுவரை நிற்கவில்லை. அதன் காலத்தில் அதற்குக் கிடைக்காமல் போன விளையாட்டுகளைப் பொழுதுபோக்கு நிரலாளர்கள் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள்: 2011இல் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’, 2019இல் ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’, 2021இல் ‘சோனிக்’. வெறும் 5 கிலோபைட் நினைவகத்தோடு விற்கப்பட்ட விக்-20 கணினிக்கு 2013இல் ‘டூம்’ வந்தது. இதற்கெல்லாம் சம்பளம் கிடையாது. மரியோ ஒன்றுக்கே ஏழு ஆண்டு பிடித்தது. இப்படி வேறு கணினிக்கு மாற்றி எழுதப்படும் பதிப்பான ஒவ்வொரு போர்ட்டுக்கும் கிடைக்கும் வரவேற்பு ஒரே மாதிரியானது: “இந்தப் பெட்டியில் இது ஓடுகிறதா!” அந்த வியப்பையே அளவுகோலாக வைத்துக்கொள்ளும் பழக்கம் இந்தக் கலைக்குக் கெடுதல் என்பது என் கருத்து. பழைய கணினிக்கு ஒரு நிரலைக் கொண்டுபோகிறவர் அந்த நிரலையும் அந்தக் கணினியையும் வேறெவரும் படிக்காத நெருக்கத்தில் படிக்கிறார். அந்தப் படிப்பு பிறருக்குப் போய்ச் சேர்ந்தால் அது ஆராய்ச்சி. சேராவிட்டால், எவ்வளவு சாமர்த்தியமானதாக இருந்தாலும், ஒருநாள் வேடிக்கை.

படிப்பு என்று நான் சொல்வது என்னவென்று மரியோவை வைத்தே பார்க்கலாம். மரியோ பிறந்த நின்டெண்டோ இயந்திரத்தில் பின்னணிக் காட்சியை எந்தப் புள்ளிக்கும் நகர்த்தும் வசதி வன்பொருளிலேயே உண்டு. கமடோரின் படச்சில்லு காட்சியை ஒரு கட்டத்தின் அகலமான 8 புள்ளிகளுக்குள் மட்டுமே மெல்ல நகர்த்தும். அதைத் தாண்டினால் திரையின் 1000 கட்டங்களையும் நிரலே ஓரிடம் தள்ளி எழுத வேண்டும், அவற்றின் 1000 நிறமதிப்புகளையும் கூடவே தள்ள வேண்டும். எழுத்துத் திரைக்காவது நினைவகத்தில் இன்னொரு பிரதியை முன்கூட்டியே தயாரித்து வைக்கலாம். நிற நினைவகம் ஒரே இடத்தில் அறைந்து வைக்கப்பட்டது. அதற்கு மாற்றுப் பிரதி கிடையாது. ஒரு பைட்டை எடுத்து வைக்க மிக வேகமான வழியிலும் 8 சைக்கிள், அதாவது ப்ராசசரின் 8 கடிகாரத் துடிப்பு, ஆகும். 2000 பைட்டுக்கு 16,000. ஐரோப்பிய கமடோரில் ஒரு திரைச் சட்டகத்துக்குக் கிடைப்பது 19,656 சைக்கிள்; அதிலும் ஏறக்குறைய ஆயிரத்தைப் படச்சில்லு பிடுங்கிக்கொள்கிறது. எதிரிகளின் நகர்வு, மோதல், இசை எல்லாம் எஞ்சிய துண்டுக்குள் நடக்க வேண்டும், அல்லது நகர்த்தும் வேலையைப் பல சட்டகங்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். மரியோவின் போர்ட் நெரிசலான இடங்களில் தளர்வது ஏன் என்று இந்தக் கணக்கே சொல்லிவிடும். 1980களின் கமடோர் விளையாட்டுகள் பல, காட்சியை நகர்த்தாமல் திரை திரையாக மாற்றியது எதனால் என்பதும் இதிலேயே புலப்படும். பழைய விளையாட்டுகளின் வடிவம் வெறும் ரசனையால் வந்ததாக எண்ணும் வரலாற்றாளருக்கு இது ஒரு நல்ல திருத்தம்.

‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ இன்னும் தெளிவான சான்று. ஜோர்டன் மெக்னர் அதை ஆப்பிள் 2 கணினிக்காக எழுதி 1989இல் வெளியிட்டார். கமடோர் போர்ட் வெளியான 2011இல் மூலநிரல் தொலைந்துபோனதாகவே கருதப்பட்டது. மறு ஆண்டில்தான் மெக்னரின் தந்தை அதன் வட்டுகளைக் கண்டெடுத்தார், மெக்னர் அதை இணையத்தில் பொதுவில் வைத்தார். ஆகவே கமடோருக்குக் கொண்டுவந்தவர், இயந்திர மொழியில் கிடந்த ஆப்பிள் நிரலைப் பிரித்துப் பிரித்து அதன் நோக்கத்தைத் தாமே ஊகித்து அறிய வேண்டியிருந்தது. இரண்டு கணினிகளும் 6502 குடும்பத்து ப்ராசசரில் ஓடுபவை என்பதால் இளவரசன் ஓடுவது, தாவுவது, விளிம்பைப் பற்றுவது ஆகியவற்றின் தர்க்கத்தை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொள்ள முடிந்தது. படம் வரையும் பகுதி அப்படியன்று. ஆப்பிள் ஒரு பைட்டில் 7 புள்ளிகளை வைக்கிறது, கமடோர் 8. ஆப்பிள் பதிப்புக்கு 128 கிலோபைட் தேவை, கமடோரில் இருப்பது 64. பற்றாக்குறையைக் கார்ட்ரிட்ஜ் நினைவகம் ஈடுகட்டியது. மூலநிரல் வெளிவந்தபின் 2018இல் பிபிசி மாஸ்டர் கணினிக்கு வேறு குழுவினர் அதை நேரடியாகப் பயன்படுத்தி இன்னொரு போர்ட் செய்தார்கள். வழிகள் வேறானாலும் இரண்டும் வெளிக்காட்டியது ஒன்றையே: அந்த விளையாட்டில் எது உயிர், எது உடை. நல்ல உரையாசிரியர் செய்யுளைச் சொல் சொல்லாகப் பிரித்து அதன் கட்டுமானத்தைக் காட்டுவதைப் போன்ற வேலை இது.

எமுலேட்டர் இருக்கும்போது இந்தப் பாடு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மூல விளையாட்டை மூலக் கணினியின் நடத்தையோடு எந்த மடிக்கணினியிலும் ஓட்டலாம். பாதுகாப்பது நோக்கமானால் அதுவே சரியான வழி. இது வலுவான வாதம். போர்ட்டை ‘பாதுகாப்பு’ என்ற பெயரில் புகழ்வோரை இது மடக்கிவிடும். ஒரு போர்ட் மூலத்தைக் காப்பாற்றுவதில்லை, மாற்றுகிறது. ஆனால் எமுலேட்டரின் வெற்றியே, உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்ளாமலே ஓட்ட முடிவதில் இருக்கிறது. ஆப்பிள் நிரலின் எந்த வரி எதற்காக எழுதப்பட்டது என்று எமுலேட்டருக்குத் தெரிய வேண்டியதில்லை. போர்ட் செய்கிறவர் தெரியாமல் ஓரடி வைக்க முடியாது. தவறாகப் புரிந்துகொண்ட இடத்தில் இளவரசன் பள்ளத்தில் விழுவான். ஒன்று காப்பகம், மற்றது விளக்கம். ஒன்றின் பணியை மற்றதிடம் கேட்பது இரண்டுக்கும் நியாயம் செய்யாது.

குறைகளுக்கு வருவோம். முதற்குறை, ‘இந்தக் கணினியில் ஓடுகிறது’ என்ற வாக்கியம் மறைப்பது. கமடோர் சோனிக்குக்குக் கூடுதல் நினைவகக் கருவி ஒன்று வேண்டும். ஒரு சைக்கிளுக்கு ஒரு பைட் என்று தானே நகர்த்தித் தரும் அந்தக் கருவியால் 16,000 சைக்கிள் வேலை 2000 சைக்கிளில் முடிகிறது. விக்-20 ‘டூம்’ ஓட 35 கிலோபைட் கூடுதல் நினைவகம் தேவை. கமடோரில் ‘டூம்’ ஓடும் இன்னொரு ஏற்பாட்டில், பின்புறம் செருகிய ராஸ்பெர்ரி பை கணினியே விளையாட்டை முழுக்கக் கணக்கிடுகிறது. கமடோர் படத்தையும் ஒலியையும் வெளியிடுவதோடு சரி. மூன்றுக்கும் கிடைப்பது ஒரே கைதட்டல், மூன்றும் ஒன்றல்ல. நினைவகக் கருவியை கமடோர் நிறுவனமே 1980களில் விற்றது; அதோடு சேர்ந்தாலும் முடிவெடுப்பது பழைய ப்ராசசர்தான். விக்-20இலும் அப்படியே. ராஸ்பெர்ரி பை ஏற்பாட்டில் சிந்திப்பது வேறொரு கணினி. அது மோசடி அன்று, அதைச் செய்தவர் ஒளிக்கவும் இல்லை. ஆனால் ‘ஓடுகிறதா’ என்ற கேள்வி இந்த வேறுபாட்டைப் பிடிக்காது. ‘எந்தச் சில்லு சிந்திக்கிறது’ என்று கேட்டால் உடனே பிடிபடும்.

இரண்டாவது குறை வரலாறு சார்ந்தது. ஒரு நல்ல போர்ட்டைக் கண்டதும், “இதை அன்றே செய்திருக்கலாமே, அன்றைய நிறுவனங்கள் சோம்பேறிகள்” என்ற தீர்ப்பு வந்துவிடுகிறது. 1988இல் ஆம்ஸ்ட்ராட் சிபிசி கணினிக்கு வந்த ‘ஆர்-டைப்’ விளையாட்டு, ஸ்பெக்ட்ரம் கணினிப் பதிப்பின் நிரலை எடுத்துப் பொருத்தியது. வண்ணத்தில் வறுமை, வேகத்தில் தளர்ச்சி. 2012இல் ஆர்வலர்கள் செய்த புதிய பதிப்பு அந்தக் கணினியின் வண்ணங்களை முழுக்கப் பயன்படுத்தியது. பழைய குறைக்குக் காரணம் கணினி மட்டுமன்று, காலக்கெடுவும் செலவும்கூட என்று அது காட்டியது உண்மை. ஆனால் புதிய பதிப்புக்கு 128 கிலோபைட் வேண்டும். பழையது 64க்குள் அடங்கியாக வேண்டியிருந்தது. இன்றைய நிரலாளர் புதிய கணினியில் அசெம்பிள் செய்து, எமுலேட்டரில் நொடியில் சோதித்து, படச்சில்லின் ஒவ்வொரு சைக்கிளையும் பற்றி முப்பது ஆண்டுகளில் சேர்ந்த ஆவணங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறார். 1988இன் நிரலாளரிடம் இவை இல்லை. அவரிடம் இருந்தது வெளியீட்டுத் தேதி. போர்ட் ஒன்று காட்டக்கூடியது சில்லின் எல்லையை மட்டுமே. அந்தக் காலத்து மனிதரின் எல்லைக்கு அதைச் சாட்சியாக நிறுத்த முடியாது.

மூன்றாவது குறை தேர்வில் இருக்கிறது. மறுபடி மறுபடி போர்ட் ஆவது ஏற்கெனவே கோடிக்கணக்கானோர் நேசிக்கும் விளையாட்டு. அதனாலேயே உரிமைச் சிக்கலும் வருகிறது: கமடோர் மரியோ வெளியான சில நாட்களிலேயே நின்டெண்டோ தரப்பின் பதிப்புரிமை அறிவிப்பால் பதிவிறக்கத் தளங்களிலிருந்து இறங்கியது. நாற்பது ஆண்டுப் பழங்கணினிக்கு இலவசமாகக் கொடுத்ததால் யாருக்கு நட்டம் என்ற கேள்வி நியாயமானது. எனினும் இன்னும் விற்பனையில் இருக்கும் ஒரு பாத்திரத்தின் படங்களையும் இசையையும் முழுதாக எடுத்துக்கொண்டவர் இந்த முடிவை எதிர்பார்த்திருக்க வேண்டும். ஏழு ஆண்டு உழைப்பை அப்படியொரு பொருளின் மேல் கட்டுவது தற்காப்பில்லாத முடிவு. புகழுள்ளதே மறுபிறப்பு எடுக்கும்போது மற்றவை இன்னும் ஆழமாகப் புதைகின்றன என்பது வேறொரு இழப்பு. 1984இல் இந்திய அரசு தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தின் வழியாக பிபிசி மைக்ரோ கணினி நம் பள்ளிகளுக்கும் வந்தது. அந்தத் தலைமுறை வகுப்பறையில் பார்த்த பாடநிரல்களைப் போன்றவை எவருடைய ஏக்கப் பட்டியலிலும் முதலிடம் பிடிப்பதில்லை. பாசத்தை மட்டும் நம்பி நடக்கும் ஒரு கலை, பாசம் இல்லாத இடத்துக்குப் போகாது.

பயனற்ற உழைப்பு என்ற குற்றச்சாட்டு மிச்சமிருக்கிறது. இதற்கு வழக்கமாகக் காட்டப்படும் பதில் ‘கன்டிகி’. ஆடம் டங்கல்ஸ் உருவாக்கி 2003இல் வெளியான அந்தச் சிற்றியங்குதளம் கமடோர் 64இலும் ஓடி, அதை இணையத்தோடு இணைத்தது. பின்னர் சிறு உணர்கருவிகளின் வலைப்பின்னல்களில் உலகெங்கும் பயன்பட்டது. உண்மையான சான்றுதான், ஆனால் அதன் ஆசிரியர் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றியவர். அந்த ஒன்றைக் காட்டி நூறு விளையாட்டு போர்ட்டுகளுக்கு நியாயம் கற்பிக்க முடியாது. அதைவிட எனக்கு வலுவாகத் தோன்றுவது ‘எலீட்’ விளையாட்டுக்கு நடந்தது. 1984இல் இயன் பெல்லும் டேவிட் பிராபனும் 32 கிலோபைட் பிபிசி மைக்ரோவுக்குள் 8 விண்மீன் மண்டலங்களையும் ஒவ்வொன்றிலும் 256 கோள்அமைப்புகளையும் அடக்கினார்கள். அவற்றைச் சேமித்து வைக்காமல் சில விதை எண்களிலிருந்து வேண்டும்போது கணக்கிட்டு உருவாக்கினார்கள். அதன் மூலநிரலுக்கு ஓர் ஆர்வலர் வரிக்கு வரி விளக்கம் எழுதி, பல கணினிகளின் பதிப்புகளை ஒப்பிட்டு, எல்லாவற்றையும் பொதுவில் வைத்தார். பிபிசி மாஸ்டர் பதிப்பில் விண்கலங்களை மினுக்கலின்றி வரையும் முறையை முந்தைய பதிப்புகளுக்கும் எடுத்துச்சென்றார். இங்கே போர்ட் என்பது விளக்கத்தின் துணைவிளைவு. நிரலெழுத வருகிற ஒரு மாணவர் அதைப் படித்து, நெருக்கடியான இடத்தில் ஒருவர் எப்படி யோசித்தார் என்று பின்தொடரலாம்.

இந்தக் கலையை மதிப்பிட இதிலிருந்து மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம். எந்தச் சில்லு சிந்திக்கிறது? மூலத்தில் எதைக் கைவிட்டோம் என்று சொல்லப்பட்டிருக்கிறதா? செய்த முறையை இன்னொருவர் படித்துத் தொடர முடியுமா? பொழுதுபோக்குக்கு இத்தனை கெடுபிடி எதற்கு, தன் மகிழ்ச்சிக்காக ஒருவர் செய்வதைப் பரிசோதிக்க யாருக்கு உரிமை என்று கேட்கலாம். தன் மகிழ்ச்சியோடு நிறுத்திக்கொள்பவரிடம் எவரும் எதையும் கேட்க வேண்டியதில்லை. ‘இக்கணினியால் இது முடியும்’ என்று ஊரறியச் சொன்னால் அது ஒரு கூற்று. கூற்றுக்குச் சான்று கேட்பது கெடுபிடி ஆகாது. விளக்கக் குறிப்போ மூலநிரலோ இல்லாமல் காணொளியோடு முடிந்துவிடும் போர்ட், தன்னைச் செய்தவர் ஒதுங்கியதும் மற்றொரு மூடிய பெட்டியாகிவிடுகிறது. அடுத்து வருபவர் அதையே மறுபடி பிரித்துப் படிக்க வேண்டும். ஆகவே பாராட்டின் வரிசையை மாற்ற வேண்டும். குறைவாக ஓடினாலும் நிறைய விளக்கும் முயற்சிக்கு முதலிடமும், பிரமாதமாக ஓடி எதையும் சொல்லாததற்கு அடுத்த இடமும் தரலாம். திறமைக்கு இந்த வட்டத்தில் என்றுமே பஞ்சமில்லை. இனி அதனிடம் எழுதி வைக்கும் பழக்கத்தை எதிர்பார்ப்பது நியாயம்.