மருந்து என்னும் சொல் – புகையானை முன்வைத்து

போன வாரம் மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் ஒரு கடைப் பலகையில் 'மருந்தடிக்காத அரிசி' என்று எழுதியிருந்தது. அடையாறு வீடு திரும்பும்வரை அந்த 'மருந்து' மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. காய்ச்சலுக்குச் சாப்பிடுவதும் மருந்து, பூச்சியைக் கொல்லத் தெளிப்பதும் மருந்தா? இந்தச் சொல்லின் மேல்தான் என் விமர்சனம்.

மருந்து என்றால் நோய் தணியவேண்டும். வயலில் எப்போதும் அப்படி நடப்பதில்லை. புகையானையே எடுத்துக்கொள்ளுங்கள். நெல் தூரின் அடியில், தண்ணீருக்குச் சற்று மேலே கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சும் பழுப்புநிறத் தத்துப்பூச்சி இது. பயிர் வட்டவட்டமாகத் தீய்ந்துபோகும். முட்டைகளை இலையுறைக்குள் செருகி வைப்பதால் பெரும்பாலான தெளிப்புகள் அவற்றை எட்டுவதில்லை. ஆனால் புகையானைத் தின்னும் சிலந்திகள் செத்துப்போகும். முட்டை பொரிந்து வரும்போது வயலில் எதிரியே இருக்காது. எங்கள் தொழிலில் பிழைக்கே 'பக்', அதாவது பூச்சி, என்றுதான் பெயர். ஒரு பக்கைத் திருத்தப்போய், பக்கைப் பிடித்துத்தரும் சோதனைகளையே அழித்த கதைதான் இது.

இந்தோனேசியா இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. அரசே மானியம் கொடுத்துத் தெளிக்கவைத்தும் புகையான் பெருகியது. 1986-ல் அதிபர் சுகார்த்தோ 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்குப் பயன்படுத்தத் தடை விதித்தார். நெல் உற்பத்தி படுத்துவிடவில்லை.

நம் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையும் சிலந்தியைக் கணக்கில் வைக்கிறது. சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு 1 புகையான் வந்தாலே எச்சரிக்கை. குத்துக்கு 1 சிலந்தி இருந்தால் தூருக்கு 2 வரை பொறுக்கலாம். அதாவது ஒரு சிலந்தி அந்த எல்லையை இரட்டிப்பாக்குகிறது! எல்லை தாண்டினால் தெளிக்கலாம்தான். தெளிக்கவே கூடாது என்று நானும் சொல்லவரவில்லை.

கடைப் பலகைமேலும் எனக்குக் குறை உண்டு. அடிக்கவில்லை என்கிறது, விவசாயி என்ன செய்தார் என்று சொல்லவில்லை. எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டு நட்டிருக்கலாம். காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டியிருக்கலாம். யூரியாவைக் குறைத்திருக்கலாம். குனிந்து தூரைத் தட்டிப் பூச்சியை எண்ணியிருக்கலாம். இந்த உழைப்புக்குப் பலகையில் இடமில்லை. வெறுமனே நிறுத்துவது ஒரு முறையாகாது. 2021-ல் ரசாயன உரம், பூச்சிக்கொல்லி இரண்டையும் ஒரேயடியாகத் தடுத்த இலங்கை, சில மாதங்களிலேயே பின்வாங்கியது. விளைச்சல் சரிவில் உரத்தட்டுப்பாட்டின் பங்கு பெரிது என்பதையும் சொல்லவேண்டும்.

இயற்கை விவசாயம் பேசுபவர்கள் 'நஞ்சில்லா உணவு' என்கிறார்கள். அவர்களின் எல்லா வாதமும் எனக்கு உடன்பாடில்லை, ஆனால் சொல் சரியான சொல். 'மருந்தடிச்சாச்சா?' என்று கேட்டால் அடிக்காதது ஏதோ கடமை தவறியதுபோல் ஆகிவிடுகிறது. 'நஞ்சு அடிச்சாச்சா?' என்று கேட்டுப்பாருங்கள். அடிக்கும்முன் ஒருதடவையாவது சிலந்தி இருக்கா என்று பார்க்கத் தோன்றும்.