ஃபியூஸைப் பிடுங்கினால் போதுமா?

ஜெனரல் மோட்டார்ஸ் விவகாரத்துக்குப் பிறகு, காரின் திரையில் ‘தரவுப் பகிர்வு வேண்டாம்’ என்று தொட்டுவிட்டு நிம்மதியாக இருப்பதைத் தனியுரிமைப் பாதுகாப்பு என்று மதிப்பிட முடியாது. அந்த நிறுவனத்தின் கார்களில் சடாரென்று பிரேக் போட்டது, வேகமாகப் போனது, நள்ளிரவில் ஓட்டியது எல்லாம் லெக்ஸிஸ்நெக்ஸிஸ், வெரிஸ்க் ஆகிய தரவு நிறுவனங்களுக்குப் போய், அங்கிருந்து காப்பீட்டுக்காரர்களை எட்டின. 2024 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் இதை வெளிக்கொண்டுவந்தது. இருப்பிடம் 3 விநாடிக்கு ஒருமுறை வரை திரட்டப்பட்டது என்றது அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் புகார். ஒப்புதல் கொடுத்தோம் என்பதே பல உரிமையாளர்களுக்குத் தெரியாது. இந்தத் திரை மெனுவின் குணம், எதையும் கழற்ற வேண்டாம் என்பது. அதன் குறை, நின்றதா இல்லையா என்பதற்கு நிறுவனத்தின் சொல்லைத் தவிர சாட்சி இல்லை என்பது.

ஃபியூஸ் பிடுங்கும் முறை இந்தக் குறையைப் பெருமளவு நேர்செய்கிறது. டொயோட்டாவின் பல மாடல்களில் செல்லுலார் தொடர்பைக் கவனிக்கும் ‘டிசிஎம்’ மாட்யூலுக்குத் தனி ஃபியூஸ் உண்டு. டேஷ்போர்டின் அடியில் கைவிட்டு அதை உருவினால் மாட்யூலுக்கு மின்சாரம் நிற்கும். செலவில்லை, மறுபடி செருகினால் எல்லாம் பழையபடி. ஆனால் இவற்றில் சில மாடல்களில் ஹேண்ட்ஸ்ஃப்ரீ மைக்கும் ஒரு முன்பக்க ஸ்பீக்கரும் அதே மாட்யூல் வழியாகத்தான் போகின்றன. ஃபியூஸோடு அவையும் ஊமையாகின்றன. உளவை நிறுத்த நினைத்தவர் போன் பேசும் வசதியையும் பறிகொடுக்கிறார். இது உரிமையாளரின் பிழையல்ல, வடிவமைப்பின் குறை. சில மாட்யூல்களில் விபத்து நேரத்துக்கென்று ஒரு சிறு பேட்டரியும் இருப்பதால், ஃபியூஸ் போன அந்த நொடியே மாட்யூல் அடங்கிவிடும் என்றும் உறுதி சொல்ல முடியாது.

ஆன்டெனாவைக் கழற்றுவது அரைகுறை வேலை. டவர் பக்கத்தில் இருந்தால் வெறும் இணைப்பு முனையே கொஞ்சம் சிக்னலைப் பிடிக்கக்கூடும். மாட்யூலையே விலக்கி, மைக், ஸ்பீக்கர் கம்பிகளை மட்டும் பைபாஸ் ஹார்னஸ் என்ற மாற்றுக் கம்பித்தொகுப்பால் சேர்ப்பதுதான் முறையில் தூய்மையானது: வேண்டாததை வெட்டுகிறது, வேண்டியதை விட்டுவைக்கிறது. டேஷ்போர்டைத் திறக்கத் துணிவும், மாடலுக்குப் பொருந்தும் ஹார்னஸும் வேண்டும் என்பது அதன் விலை.

ஃபியூஸ், பைபாஸ் இரண்டு முறைகளிலும் உண்மையான இழப்பு ஒன்று உண்டு: அவசர அழைப்பு. ஆளில்லாத நெடுஞ்சாலையில் ஏர்பேக் வெடித்தால் தானாக உதவி கேட்கும் வசதியைச் சிறு விஷயம் என்று தள்ளுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வீட்டில் வயதானவர் தனியாக ஓட்டும் கார் என்றால் நான் ஃபியூஸைத் தொடமாட்டேன்.

முறைகள் எட்டாத எல்லையும் இருக்கிறது. ஏர்பேக் அமைப்போடு சேர்ந்த விபத்துப் பதிவுக் கருவி தன் வேலையைத் தொடரும். மாட்யூலை அறுத்துவிட்டு, தயாரிப்பாளரின் செயலி இருக்கும் போனை ப்ளூடூத்தில் இணைப்பவர், மூடிய வாசலுக்குப் பக்கத்தில் இன்னொன்றைத் திறந்துவிட வாய்ப்புண்டு.

ஆக, தொழில்நுட்பமாக என் தரவரிசை: பைபாஸ், ஃபியூஸ், ஆன்டெனா, கடைசியாக மெனு. ஆனால் பைபாஸுக்குக்கூட முழு மதிப்பெண் தரமாட்டேன். பாதுகாப்பை விட்டுக்கொடுத்துத் தனியுரிமை வாங்கும் பேரம் அதிலும் மிஞ்சுகிறது. அந்தப் பேரம் தவிர்க்க முடியாததா? 2018 மார்ச் 31 முதல் புதிய கார் வகைகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் கட்டாயமாக்கிய ‘ஈகால்’ அமைப்பு, விபத்து நேர்ந்தாலோ பொத்தானை அழுத்தினாலோ மட்டுமே 112-ஐ அழைக்கும். மற்ற நேரத்தில் வண்டியைத் தொடர்ந்து கண்காணிக்கச் சட்டம் இடம் தரவில்லை. தயாரிப்பாளரின் மற்ற இணையச் சேவைகளை அது தடுப்பதில்லை. அதனால்தான் 2024 இறுதியில் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் சுமார் 8 லட்சம் மின்கார்களின் தரவு பாதுகாப்பின்றிக் கிடந்தது தெரியவந்தபோது ஐரோப்பாவும் தப்பவில்லை. இருந்தும் உயிர்காக்கும் அழைப்பையும் வேவையும் ஒரே கட்டாகத்தான் விற்க முடியும் என்று வாதிட இனி எந்தத் தயாரிப்பாளருக்கும் இடமில்லை.