பெயர் உள்ளவர்களும் பெயர் வைக்கப்பட்டவர்களும்

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பற்றிய புத்தகங்களை இரண்டு அடுக்காகப் பிரித்துப் படிப்பதே நம் வழக்கம். எஸ். முத்தையாவின் 'மெட்ராஸ் டிஸ்கவர்ட்' (1981), நரசய்யாவின் 'மதராசபட்டினம்' போன்றவை தகவலுக்கு. அசோகமித்திரனும் ஜெயகாந்தனும் கதைக்கு. அண்மையில் இவற்றை அடுத்தடுத்துப் படித்தபோது இந்தப் பிரிவினை சரியாகப் படவில்லை. ஊரைப் பற்றிய சில செய்திகளுக்கு நாவல்தான் நம்பகமான ஆவணம். அபுனைவு நூல்களில் அவை விடுபட்டது ஆசிரியர்களின் கவனக்குறைவாலும் அல்ல. அந்த வகை எழுத்து பெயர்களைப் பிடித்துக்கொண்டு நடப்பது. கல்வெட்டிலோ தெருப்பலகையிலோ கோப்பிலோ யார் பெயர் இருக்கிறதோ அவரைப் பற்றித்தான் அதனால் உறுதியாகப் பேச முடியும். மயிலாப்பூர் என்றால் லஸ் பக்கத்து வக்கீல்கள், அடையாறு என்றால் 1882இல் அங்கே குடிவந்த பிரம்மஞான சபை, தி.நகர் என்றால் பிட்டி தியாகராயரும் பனகல் அரசரும். வக்கீல் வீட்டில் பாத்திரம் துலக்கியவர் எந்தக் கோப்பிலும் இல்லை.

இதைச் சோதித்துப் பார்க்க நல்ல சான்று, ஒரே ஆசிரியர் ஒரே அனுபவத்தை இரு விதமாக எழுதியது. அசோகமித்திரன் 1952 முதல் 1966 வரை ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தார். அந்த நாட்களைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய 'மை இயர்ஸ் வித் பாஸ்' படிக்கப் படிக்கச் சிரிப்பூட்டுவது. ஸ்டூடியோ முதலாளி வாசன், கொத்தமங்கலம் சுப்பு, ஸ்டூடியோவுக்கு வந்துபோன ஆங்கிலக் கவிஞர் ஸ்டீபன் ஸ்பெண்டர் என்று அதில் பிரபலங்களுக்குக் குறைவில்லை. 'கரைந்த நிழல்கள்' நாவலும் அதே சினிமா உலகம்தான். ஆனால் அங்கே வேறு கவலைகள்: படம் நின்றுபோனால் யாருக்குச் சம்பளம் வராது, வெளிப்புறப் படப்பிடிப்புக்கு விடியுமுன் ஆள் திரட்டும் தயாரிப்பு நிர்வாகியின் பாடு என்ன. இவர்களை நினைவுக்குறிப்பில் கொண்டுவருவதற்கு ஒரு கூச்சம் தடையாக இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நிஜ மனிதரின் வறுமையைப் பெயரோடு அச்சில் ஏற்ற நாகரிகமுள்ள எழுத்தாளர் தயங்குவார். வேறு பெயர் வைத்துவிட்டால் தயக்கம் போய்விடுகிறது, உண்மை மிஞ்சுகிறது.

நாவலாசிரியர் இட்டுக்கட்டுபவர் ஆயிற்றே, அவரை எப்படிச் சாட்சியாக ஏற்பது என்று கேட்கலாம். அவர் இட்டுக்கட்டுவது எதை என்பதைப் பார்க்க வேண்டும். 1973இல் நூலான அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலில் ஜமுனாவின் வாழ்க்கையும் டீச்சரம்மாவின் வீடும் கற்பனைதான். ஆனால் குடத்தோடு அலையும் பெண்கள், காற்று மட்டுமே வரும் பம்பு, ஒரு தவலைத் தண்ணீருக்குள் அடங்கவேண்டிய நாள் ஆகியவற்றை அன்றைய சென்னை வாசகர் தன் வீட்டு முற்றத்திலேயே சரிபார்த்திருப்பார். அவை பொய்யென்றால் நாவல் தொடக்கத்திலேயே படுத்திருக்கும். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டபோது கனஅடிக் கணக்குகளுக்குப் பஞ்சமில்லை. லாரிக்குப் பின்னால் குடம் வைக்கும் வரிசையில் யார் யாருக்கு விட்டுக்கொடுத்தார் என்பது அந்தக் கணக்கில் ஏறாது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. நாவலை ஆவணமாக்கினால் இலக்கியத்துக்கு என்ன மிச்சம்? ஓரளவுக்கு நியாயமான கேள்வி. ஆனால் அபுனைவு தரும் தகவல் நாவலை வற்றவைப்பதில்லை. தி.நகர், 'லாங் டேங்க்' எனப்பட்ட நீண்ட ஏரியைத் தூர்த்து 1920களில் உருவான குடியிருப்பு. நகர வரலாற்று நூல்கள் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த பூங்காவுக்குப் போய்விடுகின்றன. அந்த வரியைத் தெரிந்துகொண்டு 'தண்ணீ'ருக்குத் திரும்பினால், அதிலுள்ள தாகம் ஒரு கோடையின் விபத்தாகத் தெரிவதில்லை. முத்தையா வகை நூல்களுக்கு நான் படும் கடன் இதுதான். அவை இல்லாமல் நாவலைப் பாதியே படித்திருப்போம்.

என் வாதத்துக்கு இடிக்கிற புத்தகம் அசோகமித்திரனுடையதே: 'ஒரு பார்வையில் சென்னை நகரம்'. அபுனைவுதான், ஆனாலும் பிரமுகர் பெயர்களை நம்பி நிற்காமல், நடந்தும் பஸ்ஸிலும் ஊரைப் பார்த்தவரின் கண்ணால் எழுதப்பட்டது. கோப்பைப் புரட்டி எழுதுபவருக்கு அது வாய்க்காது. பல பத்தாண்டுகள் அந்த ஊரில் வாழ்ந்தவருக்கு வாய்க்கலாம்.